பத்து மீட்டருக்கு ஒரு ஏர் ரைபிள்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எவ்வளவு பவர்?" என்றுதான். கடைக்காரரும் பெட்டியைத் திருப்பி, பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் "1000 எஃப்.பி.எஸ்."ஸை, அதாவது வினாடிக்கு 1000 அடி வேகத்தை, காட்டுவார். அதோடு பேச்சு முடிந்து பில் போடப்படும். இரண்டு மாதம் கழித்து அந்தத் துப்பாக்கி பரணில் கிடக்கும்: பத்து மீட்டரில் வைத்த தீப்பெட்டியில்கூடத் தொடர்ந்து படவில்லை என்று.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக்கோப்பைத் தங்கம் வாங்கியதும் இதே பிரிவில்தான். அங்கே பயன்படும் துப்பாக்கியிலிருந்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வினாடிக்குச் சுமார் 170 முதல் 175 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. பெட்டியில் போட்டிருக்கும் 1000 எஃப்.பி.எஸ். என்பது 305 மீட்டர். பல லட்சம் ரூபாய்த் துப்பாக்கி, சில ஆயிரம் ரூபாய்த் துப்பாக்கியைவிட மெதுவாகச் சுடுகிறது. அதன் விலை வேகத்துக்கானது அல்ல. ஒவ்வொரு முறையும் அதே வேகத்தைத் தருவதற்கானது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.06 வினாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. அதற்குள் சுமார் 17 மி.மீ. கீழே இறங்குகிறது. அடுத்த பெல்லட் 160 மீட்டரில் போனால் 19 மி.மீ. இறங்கும். உங்கள் கை நடுங்காமலே 2 மி.மீ. பிசகு வந்துவிட்டது. போட்டி அட்டையில் பத்தாவது வளையம் என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. 4.5 மி.மீ. பெல்லட் அதைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதில் 2 மி.மீ.யைத் துப்பாக்கியே தின்றுவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது அரை மில்லிமீட்டர்.

சட்டம்: பாதித் தேர்வு இங்கேயே முடிந்துவிடும்

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மிகாமலும் (கடைகளில் 'பாயிண்ட் ஒன் செவன் செவன்' என்பார்கள்) பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் ஆயுத உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். 'பாயிண்ட் டூ டூ' எனப்படும் 5.5 மி.மீ. ஏர் ரைபிள் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் உரிமத்துக்குள் வந்துவிடும். உரிமம் வேண்டாத துப்பாக்கிக்கும் கடையில் 18 வயது நிறைந்ததற்கான சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். கேட்காத கடையில் வாங்காதீர்கள்.

ஜூல் கணக்கு எளிது. பெல்லட்டின் எடையைக் கிலோகிராமில் எழுதி, வேகத்தால் இருமுறை பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். போட்டிக்கான சாதாரண பெல்லட் 0.53 கிராம். அது 275 மீட்டர் வேகத்தில் போனால் சரியாக 20 ஜூல். அப்படியானால் 305 மீட்டர் போடும் துப்பாக்கி சட்டத்தை மீறுகிறதா? பெரும்பாலும் இல்லை. விளம்பர வேகம் 0.36 கிராம் மாதிரி ஈர்க்குச்சி எடையுள்ள பெல்லட்டை வைத்து அளந்தது. அதில் ஆற்றல் 17 ஜூலுக்குள்தான் வரும். அதே துப்பாக்கியில் 0.53 கிராம் பெல்லட் போட்டால் வேகம் 250 மீட்டருக்கு இறங்கிவிடும். ஆக, அந்த எண் பொய்யும் இல்லை, உங்களுக்கு உதவப்போவதும் இல்லை.

அடுத்தது வேட்டை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் வேண்டாத ஏர் கன்னுக்கும் பொருந்தும். காட்டுமுயல், கவுதாரி, காடை, கொக்கு, புறா என்று ஏர் கன்னை வைத்துக்கொண்டு பார்க்கத் தோன்றும் எல்லாமே பாதுகாக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கின்றன. எலி, காகம் போன்றவற்றைத் தடையின்றிக் கொல்ல விடும் தனி அட்டவணை முன்பு இருந்தது. 2022 திருத்தத்தில் அதுவும் போய்விட்டது. ஆகவே "வேட்டைக்கு எந்த மாடல் நல்லது?" என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை. வலைக்காணொளிகளில் முயல் சுடுகிறார்களே என்றால், அவர்கள் சுடுவது பெரும்பாலும் பிரிட்டனில் அல்லது அமெரிக்காவில். பிரிட்டன் கணக்கைக் கடைசிக்கு முன் சொல்கிறோம், அங்கே இருக்கும் நம்மவர்களுக்காக.

ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா?

மெரினாவில் பலூன் சுடக் கொடுக்கும் துப்பாக்கியை எல்லோரும் ஒருமுறையாவது தொட்டிருப்போம். குழலை மடக்கி, பெல்லட் வைத்து, நிமிர்த்திச் சுடுவோம். அதுதான் ஸ்பிரிங் துப்பாக்கியின் எளிய வடிவம், பிரேக் பேரல். (குறி தவறினால் வருத்தப்பட வேண்டாம், வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் மடங்கி நிமிர்ந்த குழலில் பலூன் வெடிப்பதுதான் ஆச்சரியம்.) மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அமுங்குகிறது, விசையை (டிரிகரை) இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. இவ்வளவும் பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இறுக்கத்தில் பிடித்து, பெல்லட்டை வேறு வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். சரியான பிடி இது: முன்கட்டையை விரித்த உள்ளங்கையில், எப்போதும் ஒரே இடத்தில் கிடத்த வேண்டும், விரல்களால் கவ்வக் கூடாது, பின்கட்டை தோளைத் தொட்டால் போதும். துப்பாக்கி விரும்பியபடி துள்ளட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ளட்டும். மேசை மேலோ மணல் மூட்டை மேலோ நேரடியாக வைத்துச் சுட்டால் குறி மேலே தாவும். இடையில் உங்கள் கை இருக்க வேண்டும்.

இந்தத் துள்ளல் ஆற்றலோடு சேர்ந்து வளரும். 18, 19 ஜூல் தரும் ஸ்பிரிங் துப்பாக்கியை மடக்கவே தோள்பட்டை வலிக்கும். ஐம்பதாவது சுடுக்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும். 10 மீட்டருக்கு 8 முதல் 12 ஜூல் தாராளம். முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு இந்த அளவில், நல்ல குழலும் நல்ல விசையும் உள்ள ஸ்பிரிங் ரைபிள் போதும்; பம்ப், சிலிண்டர் என்று துணைச் சாமான் எதுவும் தேவையில்லை.

ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு உள்ள 'கேஸ் ராம்' வகையும் கிடைக்கிறது. மடக்கியபடி சில நிமிடம் இருந்தாலும் வலுக் குறையாது, முறுக்கு அதிர்வு இருக்காது. ஆனால் துள்ளல் அதேதான். குழல் அசையாமல் கீழ் நெம்புகோலால் ஏற்றும் வகை கூடுதல் துல்லியம் தரும், எடையும் கூடும். வைராக் எச்.டபிள்யூ. 97 இந்த வகையில் பெயர் பெற்றது. இவ்வகையில் பெல்லட் வைக்கும்போது நெம்புகோலை ஒரு கையால் பிடித்தே இருக்க வேண்டும். பிடி நழுவினால் அறை சட்டென்று மூடி விரல் நுனியைக் கத்தரித்துவிடும். பிரேக் பேரலிலும் இதே விதி: குழல் மடங்கியிருக்கும்வரை ஒரு கை குழலில்.

பி.சி.பி. என்பது சிலிண்டரில் முன்கூட்டியே, பெரும்பாலும் 200 பார் அளவுக்கு, அடைத்த காற்றில் இயங்குவது. சுடும்போது உள்ளே சின்ன வால்வு திறந்து மூடுவதோடு சரி. துள்ளல் கிட்டத்தட்ட இல்லை. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ் ஆகிய நிறுவனங்களின் போட்டித் துப்பாக்கிகள் எல்லாம் இன்று இந்த வகைதான். வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ரெகுலேட்டர் (வால்வுக்குப் போகும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) இருக்கிறதா? இல்லாவிட்டால் சிலிண்டர் காலியாகக் காலியாக வேகம் முதலில் ஏறி, பிறகு இறங்கும். அறுபது சுடுக்குள் குறி தானாக நகர்வதைப் பார்த்துவிட்டுப் பாவம் சைட்டை (குறி பார்க்கும் அமைப்பை) திருகிக்கொண்டே இருப்பார்கள்.

சிலிண்டரை நிரப்பக் கைப்பம்ப் போதும், வியர்க்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பம்பில் சிலிக்கா ஜெல் வடிகட்டி கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் சேர்ந்து வால்வு துருப்பிடிக்கும். ஐந்து நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும், பம்பின் ரப்பர் வளையங்கள் சூட்டில் உருகாமல் இருக்க. வெல்டிங் பட்டறைச் சிலிண்டரில் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஆக்சிஜனும் உள்ளே இருக்கும் கிரீஸும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்; உங்கள் கன்னம் சிலிண்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு வகை நம் ஊருக்கு ஒத்துவராது. காலையில் ஒரு வேகம், மதிய வெயிலில் இன்னொரு வேகம்.

உடம்புக்குப் பொருந்துகிறதா?

முதலில் எந்தக் கண் வலுவானது என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளிக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் குறி பார்க்கும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் வலுவாக இருப்பது அபூர்வம் இல்லை. அவர்கள் இடத்தோளில் பழகுவதோ வலத்தோளிலேயே சுட்டு இடக்கண்ணை மறைப்பதோ பயிற்சியாளரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. எதுவானாலும் கட்டை வாங்குமுன் முடிவாக வேண்டும், ஏனென்றால் கன்னம் பதியும் மேடு ஒரு பக்கத்துக்குத்தான் செதுக்கப்பட்டிருக்கும்.

அடுத்து நீளம். விசையைப் பிடிக்கும் கையை முழங்கையில் மடக்கி, பின்கட்டையை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு விசைக்கு இயல்பாக எட்ட வேண்டும். எட்டாமல் நீட்டினால் கட்டை நீளம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறங்கள். சைட் நேராகத் தெரிந்தால் கட்டை உங்களுடையது. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் ஆயிரமாவது சுடுக்கும் தேடிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

எடை குறைவாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தவறு. கனமான துப்பாக்கி மெதுவாக ஆடும். போட்டி விதியில் உச்ச வரம்பு 5.5 கிலோ. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் இடுப்பை வளைத்து, முதுகைக் கெடுத்துக்கொள்ளும். மூன்றரை, நான்கு கிலோவில் தொடங்கலாம்.

விசைக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். நல்ல விசையில் இரண்டு கட்டம் தெரியும்: லேசாக ஒரு இழுப்பு, ஒரு தடை, அதன்பின் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோலச் சட்டென்று விடுதல். மணலில் இழுப்பதுபோலக் கரகரவென்று வருகிற விசையைத் திருகி மாற்ற முடியாது, வாங்காதீர்கள். முன்சைட்டுக்கும் கண்ணுக்கும் இடையே 80 செ.மீ. இருந்தால், குழல் முனை 0.2 மி.மீ. நகர்ந்தாலே பத்து ஒன்பதாகிவிடும். இரண்டு கிலோ இழுவிசையில் விரல் அதைவிட அதிகமாகவே நகர்த்தும்.

சைட்டும் ஸ்கோப்பும்

போட்டிதான் நோக்கம் என்றால் ஸ்கோப்பை மறந்துவிடுங்கள், அனுமதி இல்லை. ஒலிம்பிக் பாணியில் பின்னால் துளை சைட், முன்னால் வளையம். இங்கே மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஓப்பன் சைட்டுக்கும் (பள்ளம் வெட்டிய திறந்த சைட்) பீப் சைட்டுக்கும் (துளை சைட்) தனிப் பிரிவுகள் நடப்பதுண்டு. எந்தப் பிரிவில் இறங்கப்போகிறீர்கள் என்று உள்ளூர் ரைபிள் கிளப்பில் கேட்டுவிட்டுத் துப்பாக்கி வாங்குங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் கிளப்புகள் இருக்கின்றன. முன்வளையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டையின் 30.5 மி.மீ. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். ஒட்டிப் பிடிக்கும் சின்ன வளையம் துல்லியமாகத் தோன்றும், ஆனால் கண் அதில் நடு எது என்று தடுமாறும்.

பொழுதுபோக்குக்கு ஸ்கோப் மாட்டுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப் 100 கஜத்துக்குக் குவியம் வைத்தது. 10 மீட்டரில் பார்த்தால் மூடுபனி. 10 கஜம் வரை குவியம் திருப்பக்கூடியதாக வாங்குங்கள். இரண்டாவது, ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்துள்ளல் மலிவான ஸ்கோப்பின் உள்கண்ணாடிகளைக் கழற்றிவிடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மவுண்ட்டில் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் கவ்வியில்) தடுப்புமுளை இல்லாவிட்டால் ஸ்கோப் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே வரும்.

பெல்லட்: துப்பாக்கிதான் தேர்ந்தெடுக்கும்

அட்டை சுடத் தட்டைத் தலை பெல்லட். அது காகிதத்தில் பஞ்சிங் மிஷின் போட்டதுபோல வட்டமாக ஓட்டை போடும், புள்ளி எண்ணுவது சுலபம். 20 மீட்டரைத் தாண்டினால் உருண்டைத் தலைதான் நிலையாகப் பறக்கும். கூர்முனை பெல்லட் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

ஒரே பெயரில் வரும் பெல்லட்டிலும் தலை விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 என்று மாறும். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. என நாலைந்து வகையில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். வகை மாற்றும்போது முதல் இருபது சுடுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய ஈயத்தின் பூச்சு போய்ப் புதியது படிய வேண்டும். பிறகு கையூன்றி, 10 மீட்டரில், பத்துப் பத்தாகச் சுடுங்கள். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து 4.5 மி.மீ. கழித்தால் உண்மையான சிதறல் வரும். நல்ல ஸ்பிரிங் ரைபிளில் அது 10 மி.மீ.க்குள் வந்தால் அந்த பெல்லட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுடுக் கூட்டத்தைப் படம் பிடித்துப் போடுகிறவர்களை நம்பாதீர்கள். மூன்று எல்லோருக்கும் அமையும்.

பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக் கூடாது. வாயில் பெல்லட்டைக் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சுத்தமாக ஆகாது. இரும்பு பி.பி. உருண்டைகளைப் பள்ளமிட்ட குழலில் போடாதீர்கள், பள்ளம் தேய்ந்துவிடும். அவை சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். பின்தடுப்பாகச் சாய்த்து வைத்த 3 மி.மீ. இரும்புத் தகடோ துணி அடைத்த பெட்டிக்குள் தகடோ வேண்டும், கண்ணாடி அணிய வேண்டும். மொட்டைமாடியில் சுட வேண்டாம். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டுக்குள், அதாவது 16.27 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்குச் சான்றிதழ் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சான்றிதழ் கட்டாயம். நில உரிமையாளரின் அனுமதியோடு முயல், எலி, சாம்பல் அணில் ஆகியவற்றைச் சுடலாம். மாடப்புறா வகைகளுக்குப் பொது உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அங்கே 4.5-ஆ, 5.5-ஆ என்ற வாதம் ஓயாது. ஒரே 15.6 ஜூலில் 0.55 கிராம் 4.5 பெல்லட் சுமார் 240 மீட்டர் வேகத்திலும், ஒரு கிராமை ஒட்டிய 5.5 பெல்லட் 175 மீட்டரை ஒட்டியும் கிளம்பும். 30 மீட்டரில் முதலாவது சுமார் 9 செ.மீ. இறங்கும், இரண்டாவது 16, 17 செ.மீ. தூரத்தைத் தப்பாகக் கணித்தால் 5.5 அதிகமாகத் தண்டிக்கும். முயலின் தலையில் சாகடிக்கும் இடம் மூன்று செ.மீ. அகலம்கூட இல்லை, காயத்தோடு ஓடவிடுவது பாவம். ஆகவே துல்லியமாகச் சுடத் தெரிந்தவருக்கு 4.5 என்பதே எங்கள் கட்சி. வயலில் எந்த நிலையில் சுடுவீர்களோ, அந்த நிலையிலேயே அந்த 3 செ.மீ. வட்டத்துக்குள் பத்துக்குப் பத்து விழும் தூரம்தான் உங்கள் எல்லை. 22 மீட்டர் என்றால் 22.

வாங்கும் நாளில், குறிப்பாகப் பழையது வாங்கும்போது

குழல் மூடும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து, பெல்லட் போட்டு, பாதுகாப்பான தடுப்பில் ஒருமுறை சுடச் சொல்லுங்கள். காகிதம் துள்ளினால் அங்கே காற்றுக் கசிகிறது. ரப்பர் வளையம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மூட்டு தேய்ந்துவிட்டது, அது எளிதில் சரியாகாது. பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டும் விற்பனையாளரிடம் பழைய துப்பாக்கி வாங்காதீர்கள். பிஸ்டனைத் தாங்கக் காற்றே இல்லாமல் அது எத்தனை முறை இரும்பில் முட்டியதோ.

சுட்டதும் புகையும் கருகிய எண்ணெய் வாடையும் வருகிறதா? புதுத் துப்பாக்கியில் முதல் சில நூறு சுடு வரை இது இயல்பு, அதுவரை வேகமும் நிலைக்காது. பழையதில் வந்தால் யாரோ காற்றறைக்குள் தையல் மிஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அழுத்தத்தில் அந்த எண்ணெய் டீசல் இன்ஜின்போலப் பற்றிக்கொள்ளும். சீலும் ஸ்பிரிங்கும் அதில்தான் சாகின்றன. கட்டைத் திருகுகளையும் தொட்டுப் பாருங்கள். நேற்றுவரை ஒழுங்காகச் சுட்ட ஸ்பிரிங் ரைபிள் இன்று சிதறினால் பத்துக்கு எட்டு முறை காரணம் தளர்ந்த திருகுதான்.

பழைய போட்டி பி.சி.பி. என்றால் சிலிண்டரைக் கழற்றி, அதில் பொறித்திருக்கும் உற்பத்தி மாதத்தைப் படியுங்கள். அலுமினியச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். முந்தைய நாளே 200 பார் நிரப்பி வைக்கச் சொல்லி, மறுநாள் போய் மீட்டர் முள்ளைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சீல் மாற்றும் செலவையும், ஆயுள் முடிந்திருந்தால் புதுச் சிலிண்டர் விலையையும் கழித்துக்கொண்டுதான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.